கைப்பட்டை நோயாளியின் கையில் இருக்கட்டும்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். கடைசிப் பதினோரு ஆண்டுகள் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரும் பெயரும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் சில மருத்துவமனைகள் படுக்கையருகே மருந்து கொடுக்கும்போது பார்கோடு ஸ்கேன் செய்யும் கருவிகளை வாங்கப் போகின்றன என்று என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் சொன்னார்கள். விற்பனைக்காரர் கொடுத்துவிட்டுப் போன விளம்பரத் தாளை ஒருத்தி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முன்பக்கத்தில் ‘மருந்துத் தவறுகளுக்கு முற்றுப்புள்ளி’ என்று இருந்தது. பின்பக்கத்தில் ‘ஒவ்வொரு செவிலியரின் வேகத்தையும் உங்கள் மேசையிலிருந்தே பாருங்கள்’ என்று இருந்தது. முன்பக்கத்துக்காக அந்தக் கருவியை வாங்குங்கள் என்று கேட்கவும், பின்பக்கத்துக்கு ஆசைப்பட்டால் முன்பக்கமும் கைக்கு வராது என்று எச்சரிக்கவும்தான் இந்த மடல்.

இந்தக் கருவி வேண்டும் என்று நான் ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. மகளிர் வார்டு, இரவு டியூட்டி. நம் ஊர் மகளிர் வார்டில் நின்று ‘லட்சுமி’ என்று கூப்பிட்டால் மூன்று தலை நிமிரும். அன்றைக்கு இரண்டு பேர், 12ஆம் கட்டிலிலும் 14ஆம் கட்டிலிலும். இருவருக்கும் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டு. ஒன்று அப்பாவின் எழுத்து, இன்னொன்று கணவரின் எழுத்து. கேட்டால் அதைச் சொல்ல அவர்களுக்கே நினைவு வராது. 12க்கு மேலே இருந்த மின்விசிறி மாலையில் நின்றுவிட்டது. 14இல் இருந்த அம்மாள் இளகிய மனம் படைத்தவர். ‘எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது, நீ இங்கே வந்து படுத்துக்கொள்’ என்று கட்டிலை மாற்றிக்கொண்டார். இதைச் செவிலியரிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் எப்படித் தெரியும்?

பத்து மணிக்கு நான் ட்ரேயோடு போனேன். ‘லட்சுமியம்மாதானே?’ என்று கேட்டேன். ‘ஆமாம் கண்ணு’ என்றார். இன்னொரு லட்சுமிக்கு எழுதியிருந்த, இரத்த அழுத்தத்துக்கான இரண்டு மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் அப்படியே சரிந்தார். காலை உயர்த்தி, டிரிப்ஸ் ஏற்றி, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, தேறிவிட்டார். டியூட்டி மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். ‘சரியாகிவிட்டதல்லவா, எழுத வேண்டாம்’ என்றார். அவருக்கும் வேலை வேண்டும். கேஸ் ஷீட்டில் ‘தலைச்சுற்றல், மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன். அந்த அம்மாள் எனக்குத் திருநீறு பூசி, ஆசீர்வாதம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தவறாகக் கொடுத்ததைக்கூட என்னால் ஒருவாறு மன்னித்துக்கொள்ள முடிகிறது. எழுதாமல் விட்டதை முடியவில்லை. எழுதியிருந்தால், கட்டில் எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்கும் பழக்கத்தை அந்த வார்டில் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். எழுதியிருந்தால் என் வேலையும் போயிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செவிலியர் பள்ளியில் முதல் ஆண்டே மனப்பாடம் செய்யவைக்கும் பாடம் ஒன்று உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தேர்வில் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்குவோம். அதிகாலை மூன்று மணிக்கு, இருபது கட்டிலுக்கு ஒருத்தியாக நிற்கும்போது அந்த ஐந்தில் ஏதாவது ஒன்று நழுவும். பார்கோடு ஸ்கேனர் செய்வது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு குறி, மருந்தில் ஒரு குறி, மருத்துவர் கணினியில் எழுதிய உத்தரவு, இந்த மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று மருந்து உள்ளே போவதற்கு முன்னால் பார்க்கிறது. மின்விசிறிக்காகக் கட்டில் மாறினாலும் கைப்பட்டை கையோடு போகும். ‘ஆமாம் கண்ணு’ என்று யார் சொன்னாலும் அது ஏமாறாது.

இந்த யோசனை மருத்துவமனைக்குள் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த சூ கின்னிக், 1992இல் ஒரு பயணத்தின்போது வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையில் ஒரு சிறு கருவியோடு வந்து காரில் இருந்த குறியை அதால் தட்டி, அதாவது ஸ்கேன் செய்து, வேலையை முடித்துவிட்டார். காருக்கு முடிகிற இது நோயாளிக்கு ஏன் முடியாது என்று கின்னிக்குக்குத் தோன்றியது. அவருடைய மருத்துவமனையில் தொடங்கிய அந்த முறை, அடுத்த பத்தாண்டுகள் முடிவதற்குள் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகள் அனைத்துக்கும் பரவியது. வார்டில் நடந்து கால் வலித்த ஒருத்திக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் கர்வம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் ஆய்வாளர்கள் வார்டிலேயே நின்று, 14,041 முறை மருந்து கொடுக்கப்பட்டதை நேரில் பார்த்துக் குறித்தார்கள். 2010இல் அந்த ஆய்வு வெளியானது. நேரத் தவறுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஸ்கேனர் இல்லாத வார்டுகளில் 11.5 சதவீதம் தவறுகள். ஸ்கேனர் இருந்த வார்டுகளில் 6.8 சதவீதம். நோயாளிக்குத் தீங்கு விளைவித்திருக்கக்கூடிய தவறுகள் 3.1 சதவீதத்திலிருந்து 1.6 ஆயின. அந்த 6.8ஐ ஒரு நிமிடம் பாருங்கள். உலகின் மிகப் பெயர் பெற்ற மருத்துவமனைகளில் ஒன்றில், பணமும் ஆளும் இருக்கும் இடத்தில், கருவி வந்த பிறகும் நூற்றுக்கு ஏழு. உங்கள் விளம்பரத் தாள் முற்றுப்புள்ளி என்கிறது. என்னைக் கேட்டால் அரைப்புள்ளி என்பேன்.

ஆனாலும் அந்த அரைப்புள்ளி எனக்குப் போதும். நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையில் ஸ்கேனர் வந்த முதல் மாதமே என்னைக் காப்பாற்றியது. இரவு பதினொன்றரைக்கு மருத்துவர் ஒரு நோயாளியின் பொட்டாசியம் ஊசியை நிறுத்தச் சொல்லிக் கணினியில் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் நான் இன்னொரு அறையில் இருந்தேன். எனக்குச் செய்தி வரவில்லை. இரண்டு மணிக்கு மருந்தைத் தட்டியதும் கருவி சிவப்பு காட்டியது. முதலில் கருவிமேல்தான் எரிச்சல் வந்தது. அப்புறம் திரையைப் படித்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பொட்டாசியம் தேவையில்லாத உடம்பில் போனால் இதயத்தை நிறுத்திவிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, வாங்குவதற்கு முன்னால் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் செய்ய மருந்தில் குறி வேண்டுமே, அது எங்கே இருக்கிறது?

1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு கடையில் சூயிங் கம் பாக்கெட் ஒன்றின் பார்கோடு முதன்முதலில் கல்லாவில் படிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று நம் ஊரில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலும் அந்தக் குறி இருக்கிறது. வார்டில் நான் உடைக்கும் ஆம்பூலில், அதாவது ஊசி மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியில், பெரும்பாலும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இலேயே மருத்துவமனைகளில் பயன்படும் பெரும்பாலான மருந்துகளுக்கு, மருந்தை அடையாளம் காட்டும் பார்கோடு கட்டாயம் என்று விதி போட்டது. படுக்கையருகே தட்டிப் பார்க்க வேண்டும் என்பதே அந்த விதியின் நோக்கம். நம் நாட்டில் 2022 நவம்பரில் அறிவித்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்குப் பார்கோடோ க்யூஆர் குறியோ வேண்டும் என்கிறது. அது போலி மருந்தைக் கண்டுபிடிப்பதற்காக எழுதப்பட்டது. நல்ல நோக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள் அட்டையில் இடம் போதவில்லை என்றால் வெளிப் பெட்டியில் அச்சிட்டாலும் போதும் என்று அந்த விதியே இடம் கொடுக்கிறது. பெட்டி மருந்துக்கடையிலேயே நின்றுவிடும். என் கைக்கு வருவது கத்தரியால் வெட்டிய மூன்று மாத்திரைகள்.

அந்த வெட்டிய துண்டை எப்போதாவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? காலாவதித் தேதி ஓர் ஓரத்தில் மட்டும் இருக்கும். அது வேறொரு நோயாளியின் துண்டோடு போயிருக்கும். மருந்தின் பெயர் பாதியில் அறுந்திருக்கும். மருத்துவர் ‘அரை மாத்திரை’ என்று எழுதியிருந்தால் அதையும் உடைத்து, மீதியைக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைக்க வேண்டும். இது தவிர, உங்கள் மருந்தகத்தில் இல்லாத மருந்தை நோயாளியின் உறவினர் சீட்டோடு ஓடிப்போய் வெளியே வாங்கி வருவார். அதில் இருக்கும் குறி உங்கள் கணினிக்குத் தெரியாது. ஸ்கேனர் வாங்கிய மருத்துவமனைகளில் இதற்கெல்லாம் யார் வழி கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? இரவு டியூட்டி நர்ஸ்தான். பழைய பெட்டி ஒன்றின் குறியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வாள். மருந்து எதுவாக இருந்தாலும் நோட்டைத் தட்டுவாள். கருவி பச்சை காட்டும்.

ஆகவே ஸ்கேனருக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை உங்கள் மருந்தகத்துக்குக் கொடுங்கள். அட்டையை வெட்டும் இடத்திலேயே, ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனிக் கவரில் போட்டு, பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி, குறி எல்லாவற்றையும் ஒட்டி அனுப்ப ஆளும் அச்சுக் கருவியும் வேண்டும். பகலில் உட்கார்ந்து ஒருவர் செய்யும் இந்த வேலையை இரவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் தலையில் கட்டாதீர்கள். ஆம்பூல் போன்ற சிறு பொருளுக்கு நீளக் கோடுகள் உதவாது. வளைவில் பாதிக் கோடுகள் மறைந்துவிடும். கட்டம் கட்டமாக இருக்கும் சதுரக் குறி நகத்தளவு இடத்தில் அடங்கும், கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும். நீங்கள் நான்கைந்து மருத்துவமனைகள் சேர்ந்து கேட்டால் மருந்துக் கம்பெனிகளும் இறங்கி வருவார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995இல் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்கத் தொடங்கிய பிறகு, டப்பாவில் கொட்டிக் கிடந்த மாத்திரைகள் அட்டைக்கு மாறியதை என் தலைமுறை பார்த்திருக்கிறது. வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் எழுதினார், விற்கிறவர் செய்தார்.

கைப்பட்டைக்கும் ஒரு வார்த்தை. விலை குறைவு என்று வெப்பத்தில் கருக்கும் காகிதப் பட்டையை வாங்கினால், கை கழுவும் ஆல்கஹால் பட்டுப்பட்டுச் சில நாளில் குறி படிக்க முடியாமல் போய்விடும். கையில் வீக்கம் வந்தால் பட்டையை வெட்டித்தான் ஆக வேண்டும். புதிது அச்சிட்டுக் கட்ட வார்டிலேயே வழி வேண்டும். அதற்குக் கீழ்த்தளத்துப் பதிவு அறைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வைத்தால், பட்டை கட்டிலின் கம்பியில்தான் தொங்கும். கம்பியில் தொங்கும் பட்டை நான் சொன்ன மின்விசிறிக் கதைக்கே திரும்பக் கூட்டிப்போகும்.

இரத்தப் பரிசோதனைக் குழாய்களிலும் இதே கதைதான். பில் போடும் இடத்தில் அச்சடித்த குறிகளை வாங்கி, ஐந்து நோயாளிகளின் குழாய்களில் முன்கூட்டியே ஒட்டி, ட்ரேயில் வரிசையாக வைத்துக்கொண்டு போகிறார்கள். வரிசை ஓர் இடம் தள்ளினால், தவறான குழாயைக் கருவி மிகத் துல்லியமாகப் படிக்கும். கைப்பட்டையைத் தட்டிய பிறகு, கட்டிலின் பக்கத்திலேயே குறி அச்சாக வேண்டும். முன்னால் ஒட்டினால் பார்கோடு எதற்கு, பேனாவே போதும்.

சரி. இதெல்லாம் பணத்தால் தீரும். பணத்தால் தீராததுக்கு வருகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. நான்காம் மாதம் நிர்வாக அலுவலகத்தில் யாரோ கணினியைத் தட்டிப் பார்த்து, யார் எத்தனை மணிக்கு எந்த மருந்தைத் தட்டினார் என்பதெல்லாம் வரிசையாக வருகிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த வாரம் செவிலியர் அறைச் சுவரில் பட்டியல் ஒட்டப்பட்டது. பெயர், ஸ்கேன் சதவீதம், அரை மணிக்கு மேல் தாமதமானவை சிவப்பில். என் வார்டில் ஒரு பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, அவளுக்கு மெமோ வந்தது. எட்டு மணி ஆன்டிபயாட்டிக்கை எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கொடுத்திருக்கிறாளாம். அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு வலிப்பு வந்தது. அவள் அங்கே நின்றிருந்தாள். வலிப்புக்கு ஸ்கேன் கிடையாதே, கணினிக்கு எப்படித் தெரியும்? விளக்கம் எழுதிக் கொடுத்தாள். ‘இனி கவனமாக இருக்கவும்’ என்று பதில் வந்தது.

அவள் கவனமாக ஆகிவிட்டாள். எல்லோரும் ஆனார்கள். இரண்டு மாதத்தில் எங்கள் வார்டின் ஸ்கேன் விகிதம் 98ஐத் தொட்டது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அன்று இரவு அந்தப் பிள்ளையின் ஏப்ரன் பையிலிருந்து ஒரு வளையம் கீழே விழுந்தது. சாவிக்கொத்து என்று எடுத்துப் பார்த்தால், பதினெட்டு நோயாளிகளின் கைப்பட்டை நகல்கள், துளையிட்டுக் கோத்து வைத்திருந்தாள். சரியாக எட்டு மணிக்கு நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பதினெட்டையும் தட்டிவிடுவாள். மருந்தை அப்புறம், பழைய காலம் போல, கட்டில் எண்ணைப் பார்த்து, பெயரைக் கேட்டு, நேரம் கிடைத்தபோது கொடுப்பாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எழுதாமல் விட்ட கேஸ் ஷீட் நினைவுக்கு வந்தது. புகார் செய்யவில்லை. அதற்காக இன்று என்னை நீங்கள் குற்றம் சொல்லலாம். ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 98 எதை அளந்தது?

இது எங்கள் பிள்ளைகளின் தில்லுமுல்லு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2008இல் அமெரிக்காவில் ராஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து மருத்துவமனைகளில் இதே முறையைப் பார்த்து எழுதினார்கள். செவிலியர்கள் கண்டுபிடித்த சுற்றுவழிகள் 15 வகை, அவற்றின் பின்னால் இருந்த காரணங்கள் 31 வகை. நகல் பட்டைகளை வண்டியிலும், கதவு நிலையிலும், இடுப்பில் மாட்டிய வளையத்திலும் வைத்துக்கொண்டது அந்த ஆய்விலேயே இருக்கிறது. ஓர் உலகப் பொது மூளையோ என்று சிரித்துக்கொண்டேன். காரணங்களைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும்: கசங்கிய குறி, நனைந்த பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, இணைப்பு வராத மூலை, குறியே இல்லாத மருந்து, அவசரச் சிகிச்சை. சோம்பலால் யாரும் சுற்றுவழி தேடவில்லை. நோயாளிக்கு மருந்து போக வேண்டும், கருவி விடவில்லை, ஆகவே தேடினார்கள்.

என் தம்பி மகன் ஒரகடம் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். மணிக்கட்டில் ஒரு திரை, விரலில் மோதிரம் போல ஸ்கேனர். பொருளைத் தட்டி எடுக்க வேண்டும், தட்டி வைக்க வேண்டும். இரண்டு தட்டலுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது மேற்பார்வையாளரின் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒரு பொருளைத் தட்டிவிட்டுப் போய், வந்ததும் இன்னொன்றைத் தட்டுவானாம், இடைவெளி சிறிதாகத் தெரியட்டும் என்று. ‘அத்தை, எங்களுக்கு நோயாளி இல்லை, அட்டைப்பெட்டிதான், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது’ என்றான். அவன் சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்பது அவன் கணக்கில் வரவில்லை.

பிரான்சில் தனியுரிமையைக் காக்கும் அரசு அமைப்பு, 2023 டிசம்பர் இறுதியில், அமேசானின் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஸ்கேனர் பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஒரு குறிப்பு, ஒன்று முதல் பத்து நிமிட இடைவெளிக்கு இன்னொரு குறிப்பு, முந்தைய பொருளைத் தட்டி 1.25 விநாடிக்குள் அடுத்ததைத் தட்டினால் ‘அவசரப்படுகிறார்’ என்று மூன்றாவது குறிப்பு. மெதுவாகப் போனாலும் குற்றம், வேகமாகப் போனாலும் குற்றம். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஊழியர் காரணம் சொல்லும்படி ஆகிவிடுகிறது என்பது அந்த அமைப்பு சொன்ன குறைகளில் ஒன்று. கலிஃபோர்னியாவில் 2022 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கிடங்கு ஊழியருக்கு வைக்கும் இலக்கு அவரைச் சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் விடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. கழிப்பறைக்குப் போகச் சட்டம் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது, பாருங்கள். கிடங்குகளுக்கே இந்தப் பேச்சு எழுந்த பிறகு, அதே திரையை வார்டுக்குள் கொண்டுவரச் சொல்லும் தாள் உங்கள் மேசையில் கிடக்கிறது.

ஒரே கருவிதான். கிடங்கில் அது கையைப் பார்க்கிறது. வார்டில் அது மருந்தைப் பார்க்க வேண்டும். மருந்தைப் பார்க்கும் கருவியிடம் நர்ஸ் உண்மையைச் சொல்லுவாள், ஏனென்றால் அது அவளையும் காப்பாற்றுகிறது. தன்னைப் பார்க்கும் கருவியிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் சொல்ல மாட்டீர்கள். உங்கள் கார் ஓட்டுநரின் ஜிபிஎஸ் உங்கள் வீட்டு வாசலையும் காட்டுகிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரியையும், பணியாளர் விதியில் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். ஸ்கேன் நேரத்தைக் காரணமாகக் காட்டி எந்தச் செவிலியருக்கும் மெமோ கொடுக்கக்கூடாது. பெயரோடு கூடிய பட்டியல் சுவருக்கு வரக்கூடாது. கருவி சிவப்பு காட்டியும் ஒரு நர்ஸ் மருந்தைக் கொடுத்தால், ஏன் என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கத் திரையில் இடம் இருக்கட்டும். ‘குறி படிக்கவில்லை’, ‘வெளியே வாங்கிய மருந்து’, ‘அவசரம்’ என்பது போல. மாதம் ஒருமுறை அந்தக் காரணங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ‘குறி படிக்கவில்லை’ நாற்பது முறை வந்திருந்தால் மருந்தகத்துக்குப் போங்கள். ஏழாம் கட்டிலில் மட்டும் இணைப்பு அறுகிறது என்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். தாமதம் எல்லாம் காலை எட்டு மணிக்கே வருகிறது என்றால் டியூட்டி மாறும் நேரத்தில்தான் முக்கால்வாசி மருந்துகளை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மருத்துவர்களோடு பேசி நேரத்தை மாற்றுங்கள், அல்லது இன்னொரு நர்ஸைப் போடுங்கள். இரண்டாவதைத்தான் நீங்கள் விரும்ப மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

வேறு யாராவது ஒருவர் உண்மையாகவே வேலையில் அசட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வார்டு சிஸ்டரைக் கேளுங்கள். பத்து நாளில் எங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குக் கணினி வேண்டாம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் கணக்காளரும் கணினித் துறைக்காரரும் இருப்பார்கள். இரவு டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தியையும் உட்கார வையுங்கள். கண்காணிப்பாளரை வைத்தாயிற்று என்று சொல்லாதீர்கள், அவர் இரவில் வார்டில் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்தப் பெண் கேட்பாள்: கருவியைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோகும்போது எதால் துடைப்பது? கையுறையோடு பொத்தான் அழுந்துமா? பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், மாற்றுக் கருவி எத்தனை? ‘பீப்’ ஒலியைக் குறைக்க முடியுமா, தூங்குகிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள். விற்பனைக்காரரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உங்களில் யாராவது ஒருவர் ஓர் இரவு வார்டுக்கு வாருங்கள். கோட் வேண்டாம், நடக்க வசதியான செருப்பு போதும். அந்த விற்பனைக்காரரின் மாதிரிக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பொறுப்பு நர்ஸின் பின்னாலேயே பத்து மணி மருந்துச் சுற்றில் இருபது கட்டிலுக்கும் போங்கள். மூன்றாம் கட்டிலில் டிரிப்ஸ் நின்றுபோகும். ஆறாம் கட்டில் அம்மாள் கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்லுவார். ஒன்பதில் உறவினர் ஒருவர் பில்லைப் பற்றி உங்களிடமே சண்டைக்கு வருவார், நீங்கள் யாரென்று தெரியாமல். இருபதாம் கட்டில் வரும்போது மணி எத்தனை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதே முக்காலுக்கு வந்தால் போதும், ட்ராலி தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர் ஒருத்தி